மோட்டார் இழை

“‘நான் பேசி முடிக்கிறதுக்குள்ள நீ முடிச்சிடுற எமல்டா. அப்புறம் நான் எதுக்கு?’ இதுதான் டீச்சர் அவர் சொன்னது. ஒரு எழுத்து கூட்டல, ஒரு எழுத்து குறைக்கல.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘மோட்டார் போடறதுக்கு’ன்னு சொன்னேன்.”

நாச்சியார் டீச்சர் பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை.

“சிரிக்காதீங்க.”

“சிரிக்கல.”

“உள்ளுக்குள்ள சிரிக்கிறீங்க. எனக்குத் தெரியும். முப்பது வருஷமா ஒரு மனுஷன் மனசுல என்ன ஓடுதுன்னு படிச்சுப் படிச்சே என் கண்ணு போச்சு.”

“அப்படின்னா, இப்ப அவர் மனசுல என்ன ஓடுது?”

எமல்டாவுக்குச் சுருக்கென்றது. எதிரே கிடந்த பூண்டில் ஒன்றை எடுத்து, அது என்னவோ அவளிடம் தப்பு செய்துவிட்டது போல நகத்தால் கிழிக்க ஆரம்பித்தாள்.

நாச்சியார் டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. பதினோரு வருஷம் ஓர் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவர். பிறகு வேலையை விட்டுவிட்டு, கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு சின்ன ஓட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சனிக்கிழமைகளில் யார் வந்தாலும் அவர்களோடு பேசாமல் உட்கார்ந்திருப்பார். பேசாமல் உட்காருவதற்கென்று திருச்சியிலிருந்து பஸ் பிடித்து ஆட்கள் வந்தார்கள். போதனை கிடையாது. கேள்வி கேட்டால் பெரும்பாலும் டீ கிடைக்கும்.

எமல்டாவைவிட அவர் பன்னிரண்டு வயது சின்னவர். முதல் நாள் பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் எமல்டா வாயெடுத்தாள். ஆனால் பன்னிரண்டு வருஷம் கான்வென்ட்டில் பழகின நாக்கு, அந்த அசையாத முகத்தைப் பார்த்ததும் தானாகவே ‘டீச்சர்’ என்று சொல்லிவிட்டது. மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அந்த மௌன வீட்டுக்கு எமல்டா இரண்டு வருஷமாக வருகிறாள். இதுவரை ஒரு சனிக்கிழமையும் மௌனமாக இருந்ததில்லை.

“நான் அவரைப் பத்திப் பேச வரல,” என்றாள். “அது கிடக்கு. நான் கேக்க வந்தது போனைப் பத்தி.”

“கேளுங்க.”

எமல்டா கைப்பேசியை எடுத்து நடுவில் வைத்தாள். காலையில் டீயோடு அவள் செய்தி படிக்கிற ஆப் அதில் இருந்தது. மேலே செய்தி, கீழே விவாதங்கள். அவர்கள் குடியிருப்பின் நாற்பத்தாறு வீட்டுக்கும் சேர்த்து அதிலேயே ஒரு குழு. ஒருவர் ஏதாவது எழுதினால் அதற்கு அடியில் மற்றவர்கள் எழுதுவார்கள்; அதற்கு இழை என்று பெயர். வேண்டாத இழையை அழுத்திப் பிடித்தால் ‘இதை இனிக் காட்டாதே’ என்று ஒரு பொத்தான் வரும். அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தவனுக்குக் கோயில் கட்டலாம் என்பது எமல்டாவின் கட்சி.

“இருநூத்திப் பதினாலு இழைய மறைச்சிருக்கேன் டீச்சர். குப்பை வண்டி, மாடியில நாய், யாரு வீட்டுப் பால்கனித் தண்ணி யாரு தலையில விழுந்துச்சு, எல்லாம் போச்சு. இதுல பெரிய கூத்து என்னன்னா, நம்ம ஆளுங்களுக்குப் புதுசா ஒரு இழை தொடங்கவே தெரியாது. எது மேல கெடக்குதோ அதுக்கு அடியில எழுதிடுவாங்க. ‘நல்ல கொத்தமல்லி எங்க கிடைக்கும்?’னு ஒரு இழை. அதுக்கு அடியில, பி பிளாக் பெரியவர் காலமாயிட்டார்னு சேதி. அதுக்கு அடியில ஒருத்தி, ‘ரொம்ப நன்றி, ரெண்டு கட்டு வாங்கிட்டேன்.’ இதையெல்லாம் ஒரு மனுஷி படிக்க முடியுமா?”

“முடியாதுதான்.”

“அதான் மறைச்சேன். மறைச்சு மறைச்சு இப்ப போன் சுத்தமா இருக்கு. மனசு மட்டும் சந்தைக்கடை மாதிரி இருக்கு. இன்னும் எதை மறைச்சா அது அடங்கும்? அதைச் சொல்லுங்க. டீ வேணாம்.”

டீச்சர் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?” எமல்டா விடவில்லை. “அத்தனை போன் வருமே. எல்லாமே ஆம்புலன்ஸுக்கா வந்திருக்கும்?”

“இல்ல. ஒரு ஆள் தினமும் கூப்பிட்டு முசிறிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கேப்பார்.”

“அவரை என்ன பண்ணீங்க?”

“எட்டே காலுக்குன்னு சொல்வேன்.”

எமல்டா காத்திருந்தாள். கதை அவ்வளவுதான் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“அப்புறம்?”

“அப்புறம் வேற ஆள் கூப்பிடுவாங்க.” டீச்சர் எழுந்தார். “இந்த இருநூத்திப் பதினாலுல உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்தது எது?”

“மோட்டார் இழை,” யோசிக்கவே தேவையில்லாமல் வந்தது பதில். “‘தண்ணி மோட்டாரை எத்தனை மணிக்குப் போடறது?’ இதை வச்சுக்கிட்டு மூணு வாரமா மாவாட்டறாங்க. அதுல எங்க வீட்டுக்காரர்தான் தலைவர். மின்சார வாரியத்துல முப்பத்தஞ்சு வருஷம் இருந்தவராச்சே. முதல் நாளே அஞ்சு பத்தி எழுதினார். வீட்டுல கேக்கறது பத்தாதா, போன்லயும் கேக்கணுமான்னு அன்னிக்கே ஒரு அழுத்து.”

“அவர் பேச்சுதான் தொந்தரவு.”

“அப்படித்தான் வச்சுக்கங்களேன்.”

“சரி,” என்றார் டீச்சர். “நானும் அதையே மறைச்சிடறேன். இந்த நிமிஷத்துலருந்து, அவர் வர்ற பேச்சு எதுவும் எனக்குக் கேக்காது. மத்ததைப் பேசுங்க.”

“தாராளமா,” என்றாள் எமல்டா. “எனக்கென்ன, பேசறதுக்கு விஷயமா இல்ல?”

டீச்சர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, சன்னல் பக்கம் போய், கொடியிலிருந்து எடுத்துவைத்த துணிகளை மடிக்க உட்கார்ந்தார்.

“நேத்து மீன் வாங்கப் போனேன்,” எமல்டா ஆரம்பித்தாள். “நல்ல விரால். வாங்கியிருப்பேன். ஆனா முள்ளெடுத்துக் குடுத்தாத்தான் அவர்...”

டீச்சர் ஒரு துண்டை உதறி மடித்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. சுவரில் ஓடுகிற பல்லியின் சத்தத்துக்குத் திரும்புகிற அளவுகூட அவர் திரும்பவில்லை.

எமல்டா தொண்டையைச் செருமினாள். வேறு பேச்சை எடுத்தாள்.

“லிஃப்ட்ல சரோஜினியைப் பாத்தேன். பி பிளாக். ஒரு வாரமா எல்லாரும் என்னைப் பாத்துப் பல்லைக் காட்டறாங்க. இவளும் காட்டினா. ‘முடிவு பண்ணிட்டீங்களா எமல்டா?’ங்கறா. மோட்டார் விஷயந்தான் வேற என்ன. ‘எனக்கு அதுல துளிகூட இஷ்டமில்ல’ன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொன்னேன். அவ மூஞ்சி ஏன் அப்படிச் செத்துப்போச்சுன்னு தெரியல. அவ புருஷனும் எங்க வீட்டுக்காரரும்...”

ஒரு தலையணை உறை மடிந்தது.

“சரி, அதை விடுங்க. காலையில டீ குடிக்கிறப்ப நிம்மதியா செய்தி படிக்க முடியல. எதிர்ல உக்காந்துகிட்டு, என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு... யாருன்னா... அவருதான், வேற யாரு. நான் போனைக் கீழ வைக்கிற வரைக்கும் பாக்கறது. வச்சதும் ஒரு பெருமூச்சு. எழுந்து போயிடறது. இட்லி வரலன்னா வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானே?”

டீச்சருக்குக் கேட்கவில்லை.

மீன், சந்தை, தையல்காரன், தேங்காய் என்ன விலை விற்கிறது, எதை எடுத்தாலும் மூன்றாவது வார்த்தையில் அந்த ஆள் வந்து நின்றார். கறிவேப்பிலையைப் பற்றிப் பேசலாம் என்றால், அதைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவைக்கிற ஆள் ஒருவர்தான் உலகத்தில் இருந்தார். இப்படியும் ஒரு தொல்லை உண்டா? அவரை எடுத்துவிட்டால் அவளுடைய வாரத்தில் மிச்சம் இருந்தது, கேபிள்காரன் வந்துபோனது ஒன்றுதான். அவனுக்கும் கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான்.

மூன்று நாளாக அவள் சுமந்துகொண்டிருந்த சேதியும் அவரைப் பற்றியதுதான். அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதை மறைக்கத்தான் இந்தப் போன் கேள்வியையே தூக்கிக்கொண்டு வந்தாள். இப்போது, கேட்காத காதுக்குச் சொல்வது சுலபமாக இருந்தது.

“பெட்டி கட்டறார் டீச்சர்,” என்றாள். “இஸ்திரிக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். ‘சார் எட்டுச் சட்டை குடுத்திருக்காரே, ஊருக்காம்மா?’ன்னு கேக்கறார். எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியுமா? ‘ஆமா’ன்னேன். எந்த ஊருன்னு எனக்கே தெரியாது. கட்டில் மேல பெட்டி கெடக்கு. கம்பளியெல்லாம் எடுத்து வச்சிருக்கார். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நானும் கேக்கல. நான் ஏன் கேக்கணும்? போறவர் சொல்லிட்டுப் போகட்டும். இல்ல, சொல்லாமலே போகட்டும். முப்பது வருஷம் மோட்டார் போட்டது போதும்னு நினைச்சிட்டார் போல.”

எமல்டா முந்தானையை இழுத்து மூக்கைத் துடைத்தாள். டீச்சர் ஒரு பாவாடையின் நாடாவை நேர்செய்துகொண்டிருந்தார்.

அப்போது அடுப்பில் பால் நுரைத்து விளிம்பு வரை வந்தது. எமல்டா அதைப் பார்த்தாள்.

“அவரும் இப்படித்தான் டீச்சர், பாலை அடுப்புல வச்சிட்டுப் பேப்பரைப் பாத்துட்டு நிப்பார், அது பொங்கி வழியும்!”

டீச்சர் பாவாடையை நான்காக மடித்தார்.

“டீச்சர்! அவர் மாதிரியே நீங்களும் விட்டுட்டீங்க பாருங்க!”

பால் பொங்கி, புஸ்ஸென்று அடுப்பை அணைத்து, மேடையெல்லாம் வழிந்து, தரையில் சொட்டியது. எமல்டா பாய்ந்து எழுந்து கேஸை மூடினாள். வீடு முழுக்கத் தீய்ந்த பால் வாடை.

“காது செவிடா உங்களுக்கு? கத்தினேனே!”

டீச்சர் நிதானமாக வந்து மேடையைப் பார்த்தார். “பாலைப் பத்தியா சொன்னீங்க?”

“பின்ன?”

“எனக்குக் கேக்கல. அவரைப் பத்தி ஏதோ சொல்றீங்கன்னு விட்டுட்டேன்.”

எமல்டாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கைத்துணியை எடுத்து மேடையைத் தேய்த்தாள். சொந்த வீட்டு மேடையைக்கூட அவள் அப்படித் தேய்த்ததில்லை.

“ரெண்டும் ஒண்ணா? இது பால். அது மோட்டார். நான் மறைச்சதுல பால் எதுவும் இல்ல. வெறும் மோட்டார். வேணும்னா காட்டறேன் பாருங்க!”

துணியை வீசிவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். மறைத்தவற்றின் பட்டியல் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அடிக்கடி போய் எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற இடம் அது. மோட்டார் இழையைத் தொட்டாள். முன்னூற்று எட்டுப் பதிவுகள். நின்றபடியே, கான்வென்ட் மேடையில் பாடம் ஒப்பிக்கிற குரலில் உரக்கப் படித்தாள்.

“‘காலை ஐந்தரைக்கு மோட்டார் போட்டால் எங்கள் குழந்தை எழுந்துவிடுகிறது.’ ‘ஏழு மணிக்குப் போட்டால் நாங்கள் எப்போது குளிப்பது?’ ‘உங்கள் குழந்தை எழுந்திருக்கவில்லை என்றாலும் நாங்கள் குளிக்க வேண்டும்.’ கேட்டீங்களா டீச்சர்? இதுக்கு அடியில எங்க வீட்டுக்காரரோட அஞ்சு பத்தி. அதை விட்டுடறேன். அடுத்தது, ‘பழைய மெத்தை ஒன்று இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா?’ இதுதான் மோட்டார் இழை! ‘மெத்தையில் மூட்டைப்பூச்சி இல்லையே?’ அடுத்தது திரும்ப எங்க வீட்டுக்காரர். ‘அனைவருக்கும் வணக்கம். இது மோட்டாருக்குச் சம்பந்தமில்லாதது. மன்னிக்கவும்.’ பாத்தீங்களா, அவரே ஒத்துக்கறார். ‘இந்த இழைதான் மேலே இருக்கிறது என்பதால் இதில் எழுதுகிறேன். என் மனைவி தினமும் காலையில் டீ குடித்துக்கொண்டே இதைப் படிப்பாள்...’”

குரல் நின்றது.

டீச்சர் தரையில் சிந்திய பாலைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

எமல்டா மனதுக்குள் படித்தாள்.

‘நேரில் சொன்னால் அவள் பாதியிலேயே முடித்துவிடுகிறாள். நான் சொல்ல வந்தது ஒன்று, அவள் முடிப்பது ஒன்று. எனக்குத் திருத்தத் தெரிவதில்லை. எழுதினால் கடைசி வரி வரை படித்துத்தான் ஆக வேண்டும். எமல்டா, வால்பாறையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள ஒரு வருஷத்துக்கு ஆள் கேட்கிறார்கள். வீடும் கொடுக்கிறார்கள். கல்யாணமான புதிதில் பனிமூட்டத்துக்குள் நடந்து பார்க்க வேண்டும் என்று நீ சொன்னாய். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அப்புறம் நீ கேட்கவே இல்லை. நீ வருவதாக இருந்தால் நான் ஒப்புக்கொள்கிறேன். நாளை காலை நீ இதைப் படித்ததும் எனக்குப் பதில் சொல். இப்படிக்கு, சி. இருதயராஜ், ஏ பிளாக், 203.’

தேதி, பதினாறு நாளைக்கு முன்பு. ‘அப்புறம் நான் எதுக்கு?’ என்று கேட்டுவிட்டு எழுந்து போன அதே நாள்.

அடியில், சி பிளாக் பர்வீன்: ‘மேடம், கண்டிப்பா போங்க. அங்க செம கிளைமேட்.’

அதற்கு அடியில் ஒருவர்: ‘மெத்தை இன்னும் இருக்கிறதா?’

எமல்டா விரலால் தள்ளினாள். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு பதிவு. அவள் டீ குடிக்க உட்காருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால்.

‘எமல்டா, நீ படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. யோசிக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.’

‘எமல்டா, அந்த வீட்டின் சமையலறை சன்னல் பெரியது என்று சொன்னார்கள். வெளியே தேயிலைச் சரிவு. போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.’

‘எமல்டா, நீ படிக்கும்போது உன் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நீ எப்போதும் என் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாய். எனக்கு அது வரவில்லை.’

ஒவ்வொன்றுக்கும் அடியில் நாற்பத்தாறு வீடும் கூடி உட்கார்ந்திருந்தது. ஸ்வெட்டர் எங்கே மலிவு என்று ஒருத்தி. அட்டைப்பூச்சிக்கு உப்பு கொண்டுபோங்கள் என்று ஒருவர். மோட்டாரை இனி யார் பார்த்துக்கொள்வது என்று கவலைப்பட்டது ஏ பிளாக் குமரேசன் மட்டும்தான்.

அப்புறம் சரோஜினி: ‘இருதயராஜ் சார், சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. இன்று லிஃப்டில் எமல்டாவைக் கேட்டேன். துளிகூட இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.’

எமல்டா தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த பதிவு வருவதற்கு இரண்டு நாள் இடைவெளி இருந்தது. பிறகு:

‘சரோஜினி அம்மாவுக்கு நன்றி. இருந்தாலும் அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அவள் வாயால் சொல்லிக் கேட்கும்வரை நான் இரண்டு பேருக்குத்தான் இடம் சொல்லிவைப்பேன். அவளுடைய கம்பளியையும் எடுத்து வைத்திருக்கிறேன்.’

கம்பளி. இரண்டு கம்பளி. கட்டில் மேல் இருந்த பெட்டியில் அவள் பார்த்ததும் இரண்டுதான். ‘குளிர் தாங்காத மனுஷன், ரெண்டு போர்த்திக்கறார்’ என்று அந்த வாக்கியத்தையும் அவளே முடித்துவைத்திருந்தாள்.

கடைசிப் பதிவு இன்று காலையில் எழுதியது.

‘எமல்டா, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி. நீயும் வருகிறாயா?’

அதற்கு அடியில் ஒருவரும் எழுதவில்லை. மெத்தைக்காரர்கூட ஒதுங்கி நின்றிருந்தார்.

எமல்டா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். மூன்று நாளாக நெஞ்சுக்குழியில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல் எழுந்து போய்விட்டது. விட்டுவிட்டுப் போகவில்லை. அவர் அவளை விட்டுவிட்டுப் போகவில்லை. சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது, எதை முதலில் துடைப்பது என்று தெரியாமல் பால் துடைத்த துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“கேட்டிருக்கார் டீச்சர். பதினாறு நாளா கேட்டுக்கிட்டே இருக்கார். ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும்...”

டீச்சர் பாத்திரத்தைக் கழுவி, மிச்சம் இருந்த பாலை ஊற்றி, மறுபடியும் அடுப்பில் வைத்தார்.

எமல்டாவுக்கு சிஸ்டர் பிலோமினின் மூன்றாம் வகுப்பு ஞாபகம் வந்தது. எழுந்து நின்று பதில் சொல்லத் தடுமாறுகிற பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்த வகுப்பிலேயே வேகமாக எடுத்துக் கொடுக்கிறவள் எமல்டா. அதற்காக ஒரு மெடல்கூட வாங்கியிருந்தாள். அவள் எடுத்துக் கொடுத்த பிள்ளைகள் உண்மையில் என்ன சொல்ல எழுந்தார்கள் என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. அவளும் இன்றுவரை நினைத்ததில்லை.

“போன் பண்றேன்,” என்றாள். “இப்பவே.” அவர் எண்ணைத் தொடப்போன விரல் நின்றது. “டீச்சர். அவர் ரொம்ப மெதுவா பேசுவார். நடுவுல நிறுத்துவார். முடிச்சிட்டார்னு நினைப்பேன், முடிச்சிருக்க மாட்டார். அவர் பேசி முடிச்சிட்டார்னு எனக்கு எப்படித் தெரியும்?”

இந்த முறை டீச்சருக்குக் கேட்டது.

“எங்க வேலையில ஒரே ஒரு விதிதான்,” என்றார். “போனை நாங்க முதல்ல வைக்கக் கூடாது. வேற எதுவும் எங்களுக்குச் சொல்லித் தரல.”

சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிப் பாலைப் பார்த்தபடி நின்றார்.

எமல்டா எண்ணைத் தொட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

“ஹலோ... எமல்டா?”

“நான்தான்” என்று சொல்ல வந்ததை விழுங்கினாள்.

“நான்... வந்து...”

‘சாப்பிட்டுட்டேன்’ என்று சொல்லப்போகிறார். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான்... எழுதினதை...”

வெளியே ஒரு மணல் லாரி போயிற்று. அது வளைவு திரும்பிச் சத்தம் அடங்கும் வரை மறுமுனையில் ஒன்றும் இல்லை. எமல்டா வாழ்க்கையில் இவ்வளவு நீளமான ஒரு லாரியைப் பார்த்ததில்லை.

“...நீ படிச்சிட்டன்னு நினைக்கிறேன்.”

தலையை ஆட்டினாள். போனில் அது தெரியாது என்று அவளுக்குத் தெரியும்.

“அங்க... குளிரும். உனக்கு... முழங்கால் வலி...”

‘அதனால வர வேணாங்கறீங்களா?’ விரல்களுக்கு நடுவே வாக்கியம் முட்டியது. விரல்களை இறுக்கினாள்.

“...அதுக்கு ஒரு தைலம் வாங்கி... பெட்டியில வச்சிருக்கேன். நீயும் வந்தா...”

அடுப்பில் பால் மெல்ல எழும்பியது. டீச்சர் தீயைக் குறைத்தார்.

“...நல்லாயிருக்கும்.”

வாக்கியம் முடிந்தது. முப்பது வருஷத்தில், அந்த ‘நான் எதுக்கு?’ ஒன்றை விட்டால், அவருடைய ஒரு வாக்கியத்தின் கடைசி வார்த்தையை அவர் குரலிலேயே அவள் கேட்பது இதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அது இப்படி முடியும் என்று அவள் எடுத்துக் கொடுத்திருக்கவே மாட்டாள்.

ஆனால் முடிந்ததா? இன்னும் இருக்கிறதா? அவசரப்பட்டுவிடக் கூடாது. எமல்டா பொத்திய கையை எடுக்கவில்லை. கண்ணீர் விரல்களின் மேலாக வழிந்து முழங்கை வரை ஓடியது. சனிக்கிழமைகளில் அந்த வீட்டில் இருக்க வேண்டிய மௌனம் முதல்முறையாக அவளிடமிருந்து வந்துகொண்டிருந்தது. டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை.

“எமல்டா? லைன்ல இருக்கியா?... எமல்டா... ஏதாவது சொல்லேன்.”